லோஷினியின் இடது கன்னம்

1

இந்தக் கதையை நான் ஆயர் ஈத்தாம் கடைத்தெருவில் பொறுக்கினேன், மறைப்பானேன்? பூந்தொட்டி வாங்கப் போன கடையில் ஒரு அம்மா தன் சின்ன மகளிடம், "ஆளுங்க முன்னாடி சிரிக்காத, குழி விழுது" என்றாள். பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டது. எனக்கு வந்த எரிச்சலில் தொட்டி வாங்காமலே திரும்பிவிட்டேன்.

2

லோஷினி கண்ணாடி முன்னால் நின்று தன் முகத்தை

(வேண்டாம். கண்ணாடி முன்னால் நின்று நின்றே நம் கதாநாயகிகளுக்குக் கால் கடுத்துவிட்டது.)

சிம்பாங் ரெங்கம் ஊரில், வீட்டுக்கே லோஷினியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை தீபன் அவளோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்பவன். இருவருக்கும் இரண்டு வருடப் பழக்கம், உயிரான பழக்கம். வீட்டாருக்கு அது தெரியாது. தரகர் கொண்டுவந்த சம்பந்தம் என்றே நினைத்திருந்தார்கள்.

லோஷினிக்குச் சிரித்தால் கன்னத்தில் குழி விழும். தீபனின் அண்ணிக்கு இரண்டு கன்னத்திலும் விழும். அவள் வாழ வந்த வருடமே அவன் அப்பா ஜெயபாலனுக்கு நெஞ்சில் ஆபரேஷன். குழி விழுகிற மருமகள் மாமனாருக்கு ஆகாது என்று அன்றே முடிவு கட்டிவிட்டாள் அவன் அம்மா ராசம்மா.

காலையில் தீபன் போன் செய்தான். "அம்மா முன்னாடி மட்டும் சிரிக்காத லா. நிச்சயம் ஆயிட்டா அவங்களால ஒன்னும் பண்ண முடியாது."

"அப்புறம் தெரிய வந்தா?"

"அப்ப நான் பேசிக்கிறேன்."

அவள் சரியென்றாள். அவனை நம்பினாள்.

3

(அவசரக்காரர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.)

கன்னத்தில் சிரிப்பை இழுக்கும் தசை ஒன்று உண்டு. சிலருக்கு அது பிறவியிலேயே இரண்டாகப் பிரிந்திருக்கும். அந்த இடத்தில் தோல் உள்ளே ஒட்டியிருப்பதால், சிரிக்கும்போது குழி விழுகிறது என்கிறார்கள். இதில் மாமனார் எங்கே வந்தார்? பணம் கொடுத்துத் தையல் போட்டுக் குழி வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் அழகு, ராசம்மாவுக்கு மட்டும் எமன்.

4

முதலில் இப்படி எழுதினேன்: லோஷினி சிரித்தாள், அந்தச் சிரிப்பில் ராசம்மாவின் மனம் இளகி

அடித்துவிட்டேன். புருஷன் பிழைப்பானா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவள் அவள். அந்தப் பயம் ஒரு சிரிப்பில் போகாது.

நடந்தது இதுதான். ராசம்மா அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, எண்ணெய்ப் பலகாரமே தொடக் கூடாத ஜெயபாலன் ஒரு கரிபாப்பை எடுத்து வாயில் போட்டார். லோஷினி பார்த்துவிட்டாள். அவர் கண்ணடித்தார். அவள் கன்னத்தை உள்பக்கம் பல்லால் கடித்துக்கொண்டாள். வாயில் ரத்தம் கரித்தது.

"பொண்ணு நல்ல அடக்கம்" என்றாள் ராசம்மா.

ஜெயபாலன் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா, நானும் பார்க்கிறேன், முகத்துல ஒரு சிரிப்பு இல்ல. உனக்கு இஷ்டமில்லாம உட்கார வச்சிருக்காங்களா? பயப்படாம சொல்லு. விருப்பமில்லாத பொண்ண நாங்க கேட்க மாட்டோம்."

"இஷ்டம்தான், அங்கிள்" என்றாள் லோஷினி.

"சொல்லிக் குடுத்த மாதிரி இருக்கே. எங்க, சிரிச்சுக்கிட்டே சொல்லு பார்ப்போம்."

சிரித்தால் ராசம்மா எழுந்துவிடுவாள். சிரிக்காவிட்டால் ஜெயபாலன் எழுந்துவிடுவார். 'எனக்குத் தெரிஞ்ச பொண்ணுதான்பா' என்று ஒருவன் வாய் திறந்தால் போதும். லோஷினி தீபனைப் பார்த்தாள்.

தீபன் கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

5

அவளுக்காக ஒரு சிரிப்பைத் தயாராக வைத்திருந்தேன். இடது கன்னத்தில் மட்டும் விழும் குழியோடு, நல்ல சிரிப்பு. இப்போது கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறாள். கடித்த கன்னத்தை விட்டுவிட்டாள். அடக்க வேண்டிய சிரிப்பே அவளிடம் இல்லை, நான் என்ன செய்ய?

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கல்யாணம் வேண்டுமானால் செய்து வையுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அதற்கு முன் அந்தத் தீபனைக் கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். நான் நாலு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன், அவன் நிமிரவே இல்லை.