இடது கால்

ஜெகநாதனின் இடது கால் சும்மா இருந்ததை யாரும் பார்த்ததில்லை. உட்கார்ந்தால் ஆடும், படுத்தால் ஆடும், வரிசையில் நின்றால் குதிகால் மட்டும் ஏறி இறங்கும். பள்ளிக்கூடத்து வாத்தியார் பிரம்பால் தட்டிப் பார்த்தார். காலை ஆட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று வந்தவர் போனவரெல்லாம் சொல்லி ஓய்ந்தார்கள். கல்யாணத்தன்று ஓமப் புகையின் முன்னால்கூட அது ஆடி, மணப்பலகை டக்டக்கென்று தரையில் தட்டியது. பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அலமு, புருஷன் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவன் முழங்காலைத்தான் பார்த்தாள்.

ஆளும் காலைப் போலத்தான். பதினோரு வருஷத்தில் ஐந்து ஊர். ராணிப்பேட்டையில் தோல் மண்டி, சேலத்தில் மில்லு, ஆவடியில் ஸ்டோர் கீப்பர், நடுவில் இன்னும் ஏதோ ஒன்று. அலமு பாத்திரங்களை அட்டத்தில் அடுக்கி முடிக்கும்போது அவன் அடுத்த ஊரில் வேலை பார்த்துவிட்டு வந்து நிற்பான். கடைசியில் அந்தமானுக்குப் போகிறேன் என்றபோது அவள் சண்டை போடவில்லை. தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு அரக்கோணத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே பத்துப் பன்னிரண்டு பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்தி, யார் தயவும் இல்லாமல் இருந்தாள்.

இவன் போர்ட் பிளேரில் துறைமுக ஆபீசில் குமாஸ்தா ஆகி, மரைன் ஹில்லில் ஒரு தகரக் கூரை வீடு பிடித்து, எப்படியோ மூன்று வருஷம் ஓட்டிவிட்டான். 'வா, வா' என்று கடிதம் எழுதினான். 'அடுத்து எந்த ஊர் என்று தெரிந்தால் நேரே அங்கேயே வந்துவிடுகிறேன்' என்று பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை அவனுக்கு. அவளை அவனுக்குப் பிடிக்கும். அந்தச் சங்கதியை அவளுக்குப் புரியும்படி ஒரு நாளும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போன ஓர் என்ஜினீயர் தன் பழைய மாரிஸ் காரை விட்டுவிட்டுப் போகப் பார்த்தார். ஜெகநாதன் அதை வாங்கிவிட்டான். காரும் வீடும் இருக்கிறவன் ஊரில் நிலைத்தவன் என்று அவனுக்கு ஒரு கணக்கு. 'கார் வாங்கியாகிவிட்டது. நீ வந்தால் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியிலிருந்து நானே ஓட்டி அழைத்துப் போவேன்' என்று எழுதிப் போட்டான். ஸ்டியரிங்கை அதற்கு முன் அவன் தொட்டதுகூடக் கிடையாது.

கற்றுக்கொடுத்தவன் முத்துமணி. அபர்டீன் பஜாருக்குப் பின்னால் ஷெட் போட்டிருந்த மெக்கானிக். கைதிகளின் காலத்திலேயே தீவுக்கு வந்த குடும்பம், அவனே சொல்லிக்கொள்வது போல 'லோக்கல் பார்ன்'. அவன் பேசுகிற தமிழில் பாதி இந்தி. முதல் நாளே அதனால் ஒரு கூத்து. இவன் வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே போக, போதும் என்பதற்கு முத்துமணி அவன் பாஷையில் "பஸ்! பஸ்!" என்று கத்தினான். எதிரே பஸ் வருகிறதாக்கும் என்று பதறிப்போன ஜெகநாதன் இன்னும் ஒடித்து, வண்டியைச் சாக்கடையில் இறக்கிவிட்டு, "எங்க பஸ்? எங்க பஸ்?" என்று நாலாபக்கமும் தேடினான். பஜாரே சிரித்தது.

நாலு மாதத்தில் கியர் மாற்றவும் மேடு ஏறவும் வந்துவிட்டது. ரிவர்ஸ் மட்டும் பாக்கி. பின்னால் போக வேண்டிய அவசியம் என்ன என்று அவன் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். வீட்டைச் சுற்றிப் பாதை வளையமாகப் போனதால் எங்கே போனாலும் முன்பக்கமாகவே திரும்பிவிடலாம்.

ஒரு நாள் மரைன் ஹில் மேட்டில் என்ஜின் கத்தியது, வண்டி நகரவில்லை. எரிந்த வாடை குப்பென்று வந்தது. முத்துமணி மூக்கைச் சுளித்தான்.

"பிளேட் கதம், ஜெகன் பாய். நாலு வருஷம் வர்றதை நாலு மாசத்துல முடிச்சிட்டீங்க."

"நான் என்னப்பா பண்ணேன்?"

"கியர் மாத்தினதும் கிளட்ச்லேருந்து காலை எடுக்கணுமா இல்லியா? நீங்க எடுக்கறதே இல்ல. மேல வெச்சுகிட்டு ஆட்டிகிட்டே இருக்கீங்க. முழுசா மிதிக்கவும் இல்ல, முழுசா விடவும் இல்ல. பிளேட் பேச்சாரா, பாவம், என்ன செய்யும்? தேயும்."

அந்த வண்டிக்கான கிளட்ச் பிளேட் தீவு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. மெட்ராஸிலிருந்துதான் வர வேண்டும். அந்த வாரம்தான் அலமுவின் கடிதமும் வந்தது: 'அடுத்த கப்பலில் வருகிறேன்.' காரணம் எதுவும் எழுதவில்லை. ஜெகநாதனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அது எப்போதும் பாவுவதில்லை என்பது வேறு விஷயம். பிளேட்டின் விவரத்தை எழுதி, வாங்கி வரச் சொல்லித் தந்தி அடித்தான்.

செவ்வாய்க்கிழமை கப்பல் வந்தது. காரில் வந்து நிற்பதாக எழுதியவன் சாத்தம் ஜெட்டியில் வியர்க்க விறுவிறுக்க நடந்துவந்து நின்றான். அலமு ஒரு கையில் பெட்டியும் இன்னொரு கையில் செய்தித்தாளில் சுற்றிய தட்டையான பொட்டலமுமாக இறங்கினாள். மூன்று வருஷத்தில் நெற்றியோரம் இரண்டு நரை. அவன் பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"கடைக்காரரு கேட்டாரு, வண்டி எத்தினி நாளா ஓட்டறாருன்னு," என்றாள், பொட்டலத்தை நீட்டி. "நாலு மாசம்னேன். 'அப்ப காலை எடுக்கத் தெரியாத ஆளும்மா உங்க வீட்டுக்காரரு'ன்னாரு. உங்களைக் கண்ணால பாத்ததில்ல அந்த மனுஷன். எப்பிடிச் சொன்னாரு பாருங்க!"

அவன் சிரிக்கப் போனான். அதற்குள் அவள் இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்துக் காட்டினாள்.

"சனிக்கிழமை மத்தியானம் இதே கப்பல்ல திரும்பறேன். எப்பிடி இருக்கீங்கன்னு பாத்துட்டுப் போகத்தான் வந்தேன். இருக்க வரல."

வீட்டில் அவள் சுற்றிப் பார்த்தாள். அடுப்படி சுத்தமாகத்தான் இருந்தது. மூலையில் அவனுடைய தகரப் பெட்டி திறந்து கிடந்தது. சட்டை, வேட்டி, துண்டு எல்லாம் அதற்குள்ளேயே. சுவரில் ஒரு கொடிகூடக் கட்டவில்லை.

"மூணு வருஷமா துணியைப் பெட்டியிலேருந்து வெளிய எடுத்து வெக்கலயா?"

"தோணல," என்றான். மலங்க மலங்க விழித்தான். அவனுக்கே அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

"எனக்குத் தோணிச்சு," என்றாள் அலமு. அவன் உட்கார்ந்திருந்த கட்டிலின் கால் தரையில் டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமைக்குள் காரைச் சரிசெய்து அவளை ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டால் மனசு மாறிவிடுவாள் என்று அவன் நம்பினான். லீவு போட்டுவிட்டு முத்துமணியின் ஷெட்டே கதி என்று கிடந்தான். வீட்டில் தனியாக என்ன செய்வது என்று அவளும் கூட வந்தாள். முத்துமணி அவளை "ஆயியே பாபி" என்று வரவேற்க, அவள் காதில் அது "பாவி" என்று விழுந்து முகம் சிவந்தது. அண்ணி என்று அர்த்தம் எனத் தெரிந்ததும் மன்னித்துவிட்டாள்.

வண்டியைப் படாக் மரக் கட்டைகளின் மேல் ஏற்றி நிறுத்தி, கியர்பாக்ஸைக் கழற்றி இறக்கவே ஒரு நாள் ஆயிற்று. துருப்பிடித்த போல்ட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு பாட்டு பாடின. வியாழக்கிழமை பழைய பிளேட் வெளியே வந்தது. இரண்டு பக்கமும் ஒட்டியிருக்க வேண்டிய பட்டை கருகித் தேய்ந்து, அடியிலிருந்த ரிவிட் தலைகள் பளபளத்தன. அலமு புதியதை ஒரு கையிலும் பழையதை ஒரு கையிலும் வைத்துப் பார்த்தாள்.

"தையல் மெஷின்லயும் இப்பிடித்தான்," என்றாள். "கால் வெச்சா மிதிக்கணும். இல்லன்னா எடுத்துடணும். சும்மா வெச்சு ஆட்டினா நூலு சிக்கிக்கும். என் வகுப்புல மொதல் நாள் பாடமே அதான்." பழையதை விரலால் தடவிக்கொண்டே சொன்னாள்: "மிதிக்கவும் இல்ல, விடவும் இல்ல. பாவம், இது இன்னா பண்ணும்."

அவள் பிளேட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது ஜெகநாதனுக்குப் புரிந்தது. குனிந்து, ஏற்கெனவே துடைத்த போல்ட்டை மறுபடியும் மண்ணெண்ணெயில் துடைத்தான்.

புதிய பிளேட் மிகச் சரியாக நடுவில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் கியர்பாக்ஸின் தண்டு உள்ளே போகாது. முத்துமணி அதற்கென்று மரத்தில் கடைந்த ஒரு குச்சி வைத்திருந்தான். கீழே ஆண்கள் இருவரும் கியர்பாக்ஸைத் தாங்கிக்கொண்டு மூன்று முறை முட்டிப் பார்த்தார்கள். போகவில்லை. மேலேயிருந்து எட்டிப் பார்த்த அலமு, "நூலளவு இடப்பக்கம் சாஞ்சிருக்கு," என்றாள். குச்சியை வாங்கித் தானே செருகி, லேசாகத் தட்டினாள். தண்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. "அரே வாஹ்!" என்றான் முத்துமணி. மூன்று நாளில் முதல் தடவையாக அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாம் முடிந்தபோது, பாராடாங் தீவில் ஒரு லாரி படுத்துவிட்டதென்று முத்துமணிக்கு ஆள் வந்துவிட்டது. "ரிவர்ஸ் பாக்கி இருக்கு, ஜெகன் பாய். வந்து சொல்லித் தரேன்," என்று பையைத் தூக்கிக்கொண்டு போட்டைப் பிடிக்க ஓடினான்.

ஊரைச் சுற்றிக் காட்ட நேரமே இல்லை. புதுக் கிளட்ச் போட்ட கார் அவளை ஏற்றிக்கொண்டு போகப்போகிற முதல் இடமே கப்பல்தான். சனிக்கிழமை காலையில் அவள் பெட்டியைப் பின் சீட்டில் வைக்கும்போது ஜெகநாதனுக்கு அழுகை முட்டியது.

டெலானிப்பூர் மேட்டில் பாதி ஏறியதும், சாத்தம் மரமில்லுக்குக் கட்டை ஏற்றிப் போன லாரி ஒன்று முன்னால் நின்றுவிட்டது. இவனும் நிறுத்தினான். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கிளட்சைப் பாதி மிதித்து, என்ஜினைக் கத்தவிட்டு, மேட்டிலேயே வண்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றால் போதும். புதுப் பிளேட் கருகிவிடும். கப்பல் போய்விடும். அடுத்த கப்பலுக்கு இருபது நாள். வேண்டுமென்று செய்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆடுகிற கால், எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

அவன் கண் ஓரத்தால் பார்த்தான். அலமு ரோட்டைப் பார்க்கவில்லை. குனிந்து அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். கியரை நியூட்ரலில் தள்ளினான். இடது காலைக் கிளட்சிலிருந்து எடுத்து, பக்கத்தில் தரையில் வைத்தான். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கால் மட்டும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. லாரி நகர்ந்ததும் முத்துமணி சொல்லிக்கொடுத்தபடி ஒரே மிதி, நிதானமாக விட்டு, மேட்டை ஏறினான். சாத்தம் பாலத்தைத் தாண்டி ஜெட்டி கேட் வரைக்கும் அந்தக் கால் தேவைக்கு மேல் ஒரு தடவைகூட எழவில்லை.

கேட்டருகே நிறுத்தினான். ஒரு பக்கம் கட்டை அடுக்கு, இன்னொரு பக்கம் மூட்டைக் குவியல், நடுவே குறுகலான வழி. கப்பல் ஒருமுறை ஊதியது. அலமு இறங்கவில்லை.

"நேரமாச்சு," என்றான். "பெட்டியை எடுத்துத் தரட்டுமா?"

"அந்த மேட்டுல வண்டியை நிறுத்திடுவீங்கன்னு நெனச்சேன்."

அவன் என்ஜினை அணைத்தான்.

"நிறுத்தியிருந்தா இந்தக் கப்பல் போயிருக்கும். அடுத்த கப்பல்ல நான் போயிருப்பேன்," என்றாள். "பதினோரு வருஷமா பாக்கறேன், அந்தக் கால் ஒரு எடத்துல இருந்து பாத்ததில்ல. இன்னிக்கு இருந்துச்சு, அதுவும் நான் போறப்ப." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வீட்டுக்குப் போனதும் மொதல்ல உங்க பெட்டியைக் காலி பண்ணணும். கொடி கட்டணும். வகுப்புப் பொண்ணுங்களுக்கும் அண்ணனுக்கும் தந்தி அடிக்கணும். அடுத்த கப்பல் வரைக்கும் பாக்கறேன், அதுக்கு மேல இப்ப எதுவும் சொல்லமாட்டேன். திருப்புங்க வண்டியை."

ஜெகநாதன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"இன்னா?"

"ரிவர்ஸ் இன்னும் கத்துக்கல."

அலமு அவனைப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இவன் கேட்டிலிருந்த நாலு கூலிக்காரர்களைக் கூப்பிட, அவர்கள் முன்பக்கம் தோள் கொடுத்துக் காரைப் பின்னால் தள்ளினார்கள். வண்டி கட்டை அடுக்கை நெருங்கியதும் நாலு பேரும் ஒரே குரலில் "பஸ்! பஸ்!" என்று கத்தினார்கள்.

அலமு பதறிப் பின்னால் திரும்பினாள். "ஐயோ, எங்கங்க பஸ்?"

"பஸ் இல்ல அலமு. போதும்னு அர்த்தம்," என்றான். சந்தோஷம் தாங்காமல் அவனுடைய இடது கால் மறுபடியும் துள்ள ஆரம்பித்திருந்தது.

அவள் கையை நீட்டி, நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல், அந்த முழங்காலை அழுத்திப் பிடித்தாள்.

"அப்ப இதுக்கும் பஸ்ஸுன்னு சொல்லுங்க."