சகலைகளும் அரை மார்க்கும்

ஹாவுலாவில் யாரிடமாவது போய், "ஓய்வா பெரிய ஆளா, அர்மாஸ் பெரிய ஆளா?" என்று கேட்டுப் பாருங்கள். கையில் இருக்கும் காபி ஆறி ஜில்லிட்டுப் போகும், பதில் முடியாது. இத்தனைக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் வாயைத் திறக்கவே யோசிப்பவர்கள். பக்கத்து வீட்டில் புகை வந்தால்கூட, போய்ச் சொன்னால் தொந்தரவாக நினைப்பார்களோ என்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் கதவைத் தட்டுவார்கள்.

ஓய்வா என் வீட்டுக்காரர். அர்மாஸ் என் தங்கை லெம்பியின் வீட்டுக்காரர். இரண்டு பேரும் ஒரே காலத்தில் பின்லாந்துக்காகப் பனிச்சறுக்குத் தாவலில், அதாவது உயர மேட்டிலிருந்து சறுக்குக் கட்டையில் வந்து காற்றில் பாயும் போட்டியில், பறந்தவர்கள். உலகத்தில் வேறு பெண்ணே இல்லாத மாதிரி அக்கா ஒருத்தருக்கும் தங்கை ஒருத்தருக்கும் வாழ்க்கைப்பட்டு, அவர்களைச் சகலைகளாகவும் ஆக்கித் தொலைத்தோம்.

என் வீட்டுக்காரர் அழகுக்குப் பேர் போனவர். காற்றில் கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டியிருக்கும். அலமாரியில் தொங்கும் இஸ்திரி போட்ட கோட்டு மாதிரி வருவார். இறங்கும்போது ஒரு காலை முன்னே வைத்து முட்டியை மடக்குவார் பாருங்கள், நடுவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அர்மாஸ் அப்படி இல்லை. அவர் காற்றோடு சண்டை போட்டுக்கொண்டே வருவார். கைகள் காற்றாலையாகச் சுற்றும். கடைசியில் இரண்டு காலையும் ஒன்றாக வைத்து உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி தொப்பென்று இறங்குவார். ஆனால் தூரம்? யாரும் போகாத இடத்தில் போய்த்தான் இறங்குவார்.

ஆஸ்லோவில்தான் வினை ஆரம்பித்தது. அங்கே அர்மாஸ் என் வீட்டுக்காரரைவிட ஒரு நல்ல நாயின் நீளத்துக்குக் கூடுதலாகப் பறந்தார். ஆனால் அழகுக்குப் போடும் மார்க்கைக் கூட்டிப் பார்த்தால், ஓய்வா அரை மார்க்கில் ஜெயித்துவிட்டார். அடுத்த வருஷம் ஸ்லோவேனியாவில் பிளானிட்சா மேட்டில் அர்மாஸ் பழி தீர்த்தார். அவர் போன தூரத்துக்கு அழகு மார்க் எல்லாம் தேவையே படவில்லை. நாட்டுப் பட்டம் ஓய்வாவுக்கு மூன்று, அர்மாஸுக்கு இரண்டு. அந்த மூன்றில் ஒன்று அர்மாஸ் கால் உடைந்து படுத்திருந்த வருஷத்தில் வந்தது என்பதால், "ரெண்டரை" என்றுதான் லெம்பி சொல்லுவாள்.

பிற்காலத்தில் பையன்கள் கட்டைகளை முன்பக்கம் அகலமாக விரித்துப் பறக்க ஆரம்பித்தபோது, "தவளை," என்றார் ஓய்வா. "செத்த தவளை," என்றார் அர்மாஸ். இருவரும் ஒத்துப்போன ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

மற்ற நாளெல்லாம் ஒரே பாட்டு. "நடுவர் போட்டா போட்டதுதான்டா. அதுக்கு மேல பேச்சே கிடையாது" என்பார் இவர். "டேப்பு பொய் சொல்லாது சகலை. மனுஷன் போடுற மார்க்கு அத்தனையும் பித்தலாட்டம்" என்பார் அவர்.

இது இப்படியே போயிருந்தால் பரவாயில்லை. ஊராட்சி பழைய தாவுமேட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியது. புது மேட்டுக்கு ஊரின் பெரிய சாம்பியன் பெயரை வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், சனிக்கிழமை எங்கள் அப்பாவின் ஏரிக்கரை சௌனாக் குளியல் அறையில் பூகம்பம் வந்தது.

அந்த ஏரிக்கரைக் குடிசையும் அதன் சௌனாவும் எனக்கும் லெம்பிக்கும் பொது. ஆண்கள் முதலில் உள்ளே போய், சூடான கற்களில் தண்ணீர் விட்டு எழும் ஆவியில் வேர்ப்பார்கள், பிறகு நாங்கள். அன்று நாங்கள் வெளியே துண்டோடு காத்திருக்கும்போது உள்ளேயிருந்து சத்தம் கேட்டது.

"உன் பேர் அந்த மேட்டுல ஏறுச்சுன்னா, அதை அண்ணாந்து பார்த்துக்கிட்டு நான் இங்க இருக்க மாட்டேன். என் பங்கை வித்துட்டு ஸ்பெயினுக்கே போயிடுவேன்!" என்றார் அர்மாஸ்.

"உன் பங்கா? அது உன் மாமனார் பங்கு! சரி, உன் பேர் ஏறுச்சுன்னா நானும் போறேன். ஸ்பெயினுக்கு. உனக்கு முன்னாடியே!" என்றார் என் வீட்டுக்காரர்.

சௌனாவுக்குள் சொன்ன வார்த்தையை எங்கள் ஊரில் யாரும் திருப்பி வாங்குவதில்லை. தேவாலயத்தில் சொன்னதைக்கூட மறந்துபோனேன் என்று சமாளிக்கலாம். லெம்பி என் கையைப் பிடித்தாள். ஸ்பெயினில் ஒரு கடற்கரை ஊருக்கு ஓய்வுபெற்றுப் போன எங்கள் ஆட்கள் நிறையப் பேர். போனவர்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புவார்கள், திரும்பி வரமாட்டார்கள். யார் ஜெயித்தாலும் எங்களில் ஒருத்தி மூட்டை கட்ட வேண்டும்.

"அக்கா, நான் அந்த வெயில்ல வெந்து செத்துருவேன்."

"நான் மட்டும் என்ன, பூத்துக் குலுங்குவேனா?"

ஊராட்சியில் விளையாட்டுக்குப் பொறுப்பான பீயா என்கிற பெண், பாவம், சின்ன வயசு. இந்தச் சண்டையில் தன் தலை உருளக்கூடாது என்று ஒரு யோசனை கண்டுபிடித்தாள். தாவலுக்கு மார்க் போடுவது போலவே இரண்டு பேருடைய வாழ்க்கைக்கும் மார்க் போட்டுவிடலாம். ஐந்து நடுவர்கள், ஆளுக்கு இருபது வரை மார்க். வழக்கம்போல ஒவ்வொருவருக்கும் விழுந்ததில் அதிகமானதையும் குறைவானதையும் அடித்துவிட்டு நடுவில் இருக்கும் மூன்றைக் கூட்ட வேண்டும். நடுவர்களில் இரண்டு பேர் ஓய்வாவின் ஆட்கள், இரண்டு பேர் அர்மாஸின் ஆட்கள், பொதுவாகப் பாதிரியார்.

என் வீட்டுக்காரர் தன் பழைய குழு நண்பரையும் என்னையும் சொன்னார். அர்மாஸும் அப்படியே, ஒரு நண்பரையும் லெம்பியையும்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் முறை வந்ததும் நானும் லெம்பியும் சௌனா பலகையில் ஏறி உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நண்பர்கள் இரண்டு பேரும் தங்கள் ஆளுக்கு இருபதும் எதிராளிக்கு ஒன்பதோ பத்தோ போடுவார்கள். அடிபடப்போவது அந்த இரண்டும்தான். வாழ்நாள் முழுக்க இந்த விளையாட்டில் கிடந்தவர்களுக்கு இது தோன்றவில்லை பாருங்கள், ஆவேசத்தில். மிச்சம் நிற்பது என் மார்க், லெம்பி மார்க், பாதிரியார் மார்க்.

"சமமா வந்தா ரெண்டு பேர் பேரும் ஏறும். யாரும் எங்கயும் போக வேண்டாம்," என்றேன்.

"பாதிரியார் என்ன போடுவார்னு தெரியணுமே."

"உன் ஏலக்காய் பன்னு எதுக்கு இருக்கு?"

புதன்கிழமை பாதிரியார் எங்கள் வீட்டுக்குக் காபிக்கு வந்தார். முதல் பன்னுக்கு வானிலை பேசினார். இரண்டாவதுக்கு, தேவாலயக் கூரை. மூன்றாவதை லெம்பி தட்டில் வைத்துவிட்டு, கையை எடுக்காமலே கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரர் ரொம்ப மோசமா தோத்துருவாரா ஃபாதர்? மனசைத் தயார்படுத்திக்கணும், அதான்."

"ச்சே ச்சே, அவ்வளவு மோசம் இல்லம்மா. அரை மார்க்குதான். ஓய்வாவுக்குப் பத்தொன்பது, அர்மாஸுக்குப் பதினெட்டரை," என்று சொல்லிவிட்டு, பன்னை விழுங்கிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். "நான் சொல்லியிருக்கக் கூடாது..."

"நீங்க என்ன சொன்னீங்க? எங்க காதுல ஒண்ணும் விழலையே," என்றேன் நான்.

அவர் போனதும் லெம்பி மேசையைத் தட்டினாள். "அப்ப நம்மள்ல ஒருத்தி அர்மாஸுக்கு அரை மார்க் கூடப் போடணும். நீயே போடு."

"நான் ஏன்? உன் புருஷன்தானே?"

"நான் போட்டா ஊரே சிரிக்கும், பொண்டாட்டின்னு. நீ போட்டா எவன் வாயைத் திறப்பான்? அதோட, நான் போட்டேன்னு தெரிஞ்சா அவர் தலை வீங்கி தொப்பி பத்தாது."

அதில் நியாயம் இருந்தது. தவிர, அத்தனை வருஷமாக ஈரச் சறுக்குக் கட்டைகளை என் சமையலறையில் சாய்த்து வைத்து, அவற்றுக்குப் பூச மெழுகு காய்ச்சிய மனிதருக்கு அரை மார்க் குறைந்தால் ஆகாதா என்று எனக்கும் பட்டது.

மார்ச்சில் திறப்புவிழா. நல்ல வெயில், நல்ல குளிர். சாசேஜ் சுடும் புகை மேடு முழுக்க. இறங்குசரிவில், தாவுகிறவர்களுக்கு வெள்ளைப் பனியில் தரை தெரியும்படி வழக்கம்போல தளிர்க்கிளைகளைக் கிள்ளித் தூவியிருந்தார்கள். அடிவாரத்தில் ஐந்து நாற்காலிகள் போட்டு எங்களை உட்கார வைத்து, ஆளுக்கு அட்டைகளைக் கொடுத்தாள் பீயா. மேட்டின் நெற்றியில் பெயர்ப்பலகை வெறுமையாகத் தொங்கியது. சகலைகள் இருவரும் பழைய தேசியக் குழு ஸ்வெட்டரை வயிற்றின் மேல் இழுத்து மாட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

நண்பர்கள் அட்டையைத் தூக்கினார்கள். ஓய்வாவுக்கு இருபது, ஒன்பது. அர்மாஸுக்கு ஒன்பது, இருபது. கூட்டம் சிரித்தது. அந்த நான்கையும் பீயா அடித்தாள்.

லெம்பி தூக்கினாள். இருவருக்கும் பதினெட்டு.

"ஏன்டி, கட்டின புருஷன்டி நான்!" என்றார் அர்மாஸ்.

"அதனாலதான் பதினெட்டோட நிறுத்திக்கிட்டேன்."

நான் தூக்கினேன். அர்மாஸுக்குப் பதினெட்டு. ஓய்வாவுக்குப் பதினேழரை. என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எண் மாறவில்லை.

பாதிரியார் எழுந்தார். அர்மாஸுக்குப் பதினெட்டரை என்று காட்டினார். சரி. அடுத்த அட்டையைத் திருப்பினார்.

ஓய்வாவுக்கும் பதினெட்டரை.

லெம்பி என் தொடையைக் கிள்ளிய கிள்ளு இரண்டு வாரம் நீலமாக இருந்தது.

"என்ன ஃபாதர் இது?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நடுவர் முன்கூட்டியே சொல்லக்கூடாது, நான் சொல்லிட்டேன். மனசாட்சி உறுத்துச்சு. சொன்னதை மாத்திட்டேன், இப்ப நிம்மதியா இருக்கு," என்று காதோடு சொல்லிவிட்டு உட்கார்ந்தார் அந்த நல்ல மனிதர்.

பீயா ஒலிபெருக்கியில் கூட்டினாள். அர்மாஸ் ஜெயித்துவிட்டார். அரை மார்க்கில். அந்த அரை மார்க்கை என் கையால் நான்தான் போட்டிருக்கிறேன். கண் முன்னால் ஸ்பெயின் தெரிந்தது. வெயிலும், வெயிலுக்கடியில் நானும்.

ஓய்வா நிமிர்ந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. மெதுவாகப் போய் அர்மாஸிடம் கையை நீட்டினார். "வாழ்த்துகள் சகலை. நடுவர் போட்டா போட்டதுதான்."

அர்மாஸ் கையைத் தொடவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, இது என்ன அரை மார்க்?"

"உங்களுக்குத்தான் போட்டேன். வாங்கிக்கோங்களேன்."

"அரை மார்க்கா? ஆஸ்லோவுல இவன் என்கிட்ட திருடினானே, அதே அரை மார்க்கா? அதுல நான் ஜெயிக்கணுமா?" குரல் ஏறியது. "இத்தனை வருஷமா மார்க்கு பித்தலாட்டம்னு கத்தினவன், இன்னிக்கு அதே மார்க்கைத் தின்னுட்டு மேட்டுல பேரை எழுதிக்கணுமா? நான் ஜெயிக்கல!"

"ஜெயிச்சுட்ட!" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஜெயிக்கலைங்கறேன்!"

"டேய், அஞ்சு நடுவர் உக்காந்து போட்டிருக்காங்க. நீ ஜெயிக்கலேன்னா, ஆஸ்லோவுல நானும் ஜெயிக்கல. அப்படி ஆகவே ஆகாது. மரியாதையா ஜெயிச்சுக்கோ!"

"மாட்டேன்! டேப்பு எங்க? நீளத்தை அளந்து சொல்லு, ஒத்துக்கறேன்!"

"எதை அளக்கறது? உன் வயித்தையா?"

கூட்டம் குலுங்கியது. பீயா ஒலிபெருக்கியை அணைக்க மறந்து, "சார், சார், பலகையில என்ன எழுதணும், பெயின்டர் ஏணியில நிக்கறார்," என்று கெஞ்சுவது ஏரிவரை கேட்டது.

"அர்மாஸ்னு எழுதும்மா!" என்று கத்தினார் ஓய்வா.

"எழுதினா ஏணியைத் தட்டிவிடுவேன்!" என்று கத்தினார் அர்மாஸ்.

பெயின்டர் இறங்கிவந்து சாசேஜ் வாங்கிக்கொண்டார்.

நான் லெம்பியைப் பார்த்தேன். அவள் கிள்ளிய இடத்தைத் தடவிக்கொடுத்தாள். தீர்ப்பு வந்துவிட்டது, ஆனால் ஜெயித்தவர் ஜெயிக்கவில்லை என்கிறார், தோற்றவர் தோற்றேதான் போனேன் என்று அடம்பிடிக்கிறார். விஷயம் தீராமல் எவர் ஸ்பெயினுக்குப் போவது? பாதி வாக்குவாதத்தில் எவரும் ஊரை விட்டுப் போவதில்லை. அது எதிராளியிடம் கடைசி வார்த்தையை விட்டுவிட்டுப் போவது போல.

பலகை இன்னும் வெறுமையாகத்தான் தொங்குகிறது. ஊராட்சிக் காகிதத்தில் பெயருக்குப் பதிலாக ஏதோ எண் போட்டிருக்கிறார்களாம். தாவப் போகும் பிள்ளைகள் "அரை மார்க்குக்குப் போறோம்" என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

சனிக்கிழமை தோறும் ஏரிக்கரையில் இரண்டு பேரும் முதல் ஆளாக உள்ளே போகிறார்கள். "நீதான் ஜெயிச்ச" என்று இவரும் "நான் ஜெயிக்கல" என்று அவரும் வேர்த்துக் கொட்டுகிறார்கள். போன வாரம் உள்ளே திடீரென்று அமைதி. நானும் லெம்பியும் கதவுக்கு வெளியே காதை வைத்தோம்.

"வயசாச்சுடா. ரெண்டு பேரையுமே எழுதச் சொல்லிடலாமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எழுதலாம்..." என்று இழுத்தார் அர்மாஸ்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. லெம்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அடுத்தவன் பேர் ஏறுச்சுன்னா போறேன்னு ரெண்டு பேருமே இதே சௌனாவுலதான் சொல்லியிருக்காங்க. ரெண்டும் ஏறுச்சுன்னா?" என்றாள் மெல்ல.

சமமாக வந்தால் போதும் என்று கணக்குப் போட்டபோது எங்கள் புத்தி எங்கே போயிருந்ததோ! கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன். வாளியிலிருந்து ஒரு கரண்டித் தண்ணீரை எடுத்துச் சூடான கற்களின் மேல் வீசினேன். ஆவி உஸ்ஸென்று எழும்பியது.

"ஏங்க, எழுதறது சரி," என்றேன். "யார் பேர் மேல, யார் பேர் கீழ?"

கதவைச் சாத்திவிட்டு வந்து லெம்பி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பன் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே சத்தம் ஆரம்பித்திருந்தது.