முத்துவீரன் மடி

"மாமன் மடியா? அது கடலுக்கு அங்குட்டுல்ல கெடக்கு" என்று பெத்தன் சொன்னதும் வாசலில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஒச்சம்மாளின் புருஷன் வீரணனுக்கு அவர் அண்ணன். பிள்ளைக்குக் காது குத்த நாள் பார்க்க உட்கார்ந்த இடத்தில்தான் இந்தப் பேச்சு. "எம்மடியில உக்கார வச்சுக் குத்திருவோம். பெரியப்பன் மடியும் மடிதேன்."

ஒச்சம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சொளகைக் கீழே வைத்தாள். "எந்தம்பி உசுரோட இருக்கான். அவன் இருக்கையில எம்மக இன்னொருத்தர் மடியில உக்கார மாட்டா."

"அவன் வந்து சேர்றதுக்குள்ள ஒம்மகளுக்குக் கல்யாணமே ஆகிப்போகும், ஆத்தா."

அவன் வர முடியாது என்பது அவளுக்கும் தெரியும். தம்பி முத்துவீரன் ரங்கூனுக்கு அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போனவன். உமித்தூசி நெஞ்சை அடைத்துப் படுத்த படுக்கையாகிவிட்டான். இருமுகிறவனைக் கப்பலில் ஏற்ற முடியாது என்று துறைமுகத்தில் திருப்பிவிட்டார்களாம். அங்கிருந்து வந்த கொத்தமங்கலத்து ஆள் ஒருவர் சொன்ன சேதி அது.

"அவன் வர முடியாட்டி நாம போவோம்" என்றாள் புருஷனிடம்.

கோட்டையூரில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு செட்டியார் வீட்டுக்குச் சுண்ணாம்பு சுமக்கிறவன் வீரணன். "போவோம்னா? சந்தைக்கா போறோம்?" என்று சிரித்தான். ஆனால் மறுநாள் வெள்ளாடு இரண்டையும் ஓட்டிக்கொண்டு போனவன், கயிற்றை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினான்.

காரைக்குடிக்கு ரயில் வந்து அதிகக் காலம் ஆகவில்லை. அதில் ஏறி மதராஸ் போனார்கள். துறைமுகத்தில் அம்மை குத்திய தழும்பைப் பார்த்து, வரிசையில் நிறுத்தி, கப்பலின் மேல்தட்டில் ஏற்றினார்கள். கப்பல் நகர்ந்ததும் வீரணன் சுருண்டான். வயிற்றில் இருந்ததெல்லாம் கடலுக்குப் போனது. அழகி என்று பேர் வைத்த பிள்ளையோ தொட்டிலில் கிடப்பதுபோல் ஆடிக்கொண்டு சிரித்தாள்.

"மாமனப் பாக்கப் போறவள அலை என்ன செய்யும்?" என்றாள் ஒச்சம்மாள்.

"அவ அப்பனக் கொல்லுதே" என்று முனகினான் வீரணன்.

ஒச்சம்மாளின் முந்தானையில் ஒரு முடிச்சு இருந்தது. அதற்குள் ஒரு ஜோடிச் சின்னத் தோடு. காது குத்தியதும் தோடு போடுவது மாமன் சீர். நோயில் கிடக்கிறவனிடம் பொன் ஏது? பிறர் பார்க்கும் முன் அவன் கையில் திணித்துவிடலாம் என்பது அவள் எண்ணம். வீரணனிடம்கூட அவள் அதைச் சொல்லவில்லை.

ரங்கூனில் ஆலைக்குப் பின்னால், ஆற்றை ஒட்டிய மரக்கொட்டடியில் முத்துவீரன் கிடந்தான். ஊரில் மாடு படுத்துக்கொண்டால் வண்டியைத் தானே இழுத்துக்கொண்டு வந்தவன், வெறும் சாக்குப்போலப் பாயோடு ஒட்டிக் கிடந்தான். அவள் கண் நேராக அவன் காதுக்குப் போனது. கடுக்கன் இல்லை. வெறும் துளைதான். மருந்துக்கு விற்றுவிட்டான் என்று நினைத்தாள்.

வீரணன் குளிக்கப் போன நேரம் பார்த்து முந்தானையை எடுத்தாள். "இத நீ குடுக்குற மாதிரி..."

முத்துவீரனின் முகம் கறுத்தது. "முடிச்ச அவுக்காதக்கா. ஒங்கிட்ட வாங்கி ஒம்மகளுக்குப் போடவா நான் மாமன்?"

அவள் முந்தானையைக் கீழே விட்டாள்.

மறுநாள் காலை முத்துவீரன் சொல்லி அனுப்பிய ஆசாரி வந்தார். அங்கே பொன்வேலைக் கடை போட்டிருக்கும் நம்மூர்ப் பக்கத்து ஆள். முத்துவீரனின் கைகளைப் பார்த்ததும் ஊசியைத் திரும்பப் பைக்குள் வைத்தார். "இந்த நடுக்கத்துல புள்ளயப் புடிச்சா காது கிழிஞ்சுரும். பக்கத்துல படுக்கப் போட்டுக் குத்துவோம்."

"அது போதும்டா தம்பி. நீ பக்கத்துல இருந்தாலே போதும்" என்றாள் ஒச்சம்மாள். பெத்தனிடம் அடித்துப் பேசியவள்தான், தம்பியின் மூச்சு இரைப்பதைப் பார்த்து இறங்கிவிட்டாள்.

"பக்கத்துல படுக்கவா கடலத் தாண்டி வந்தீக? மச்சான், ஒங்க தலப்பாத் துணிய எடுங்க. என்னயத் தூக்கி அந்தத் தூணோட சேத்துக் கட்டுங்க."

"மனுசனயா?"

"வண்டியில நெல்லு மூட்ட சரியாம எப்படிக் கட்டுவீக? அப்படித்தேன்."

வீரணன் அவனைத் தூக்கித் தூணில் சாய்த்தான். முதுகுக்குச் சாக்கை மடித்துக் கொடுத்தான். நெஞ்சை அழுத்தாமல் அக்குளுக்கடியிலும் இடுப்பிலும் சுற்றிக் கட்டினான். முழங்கைக்கு இரண்டு பக்கமும் சாக்குச் சுருள் வைத்தான். "இறுக்கமா இருக்கா மாப்ள?"

"மாமன் மாதிரி இருக்கு."

ஒச்சம்மாள் பிள்ளையை அந்த மடியில் வைத்தாள். முத்துவீரன் இரண்டு கையாலும் அதன் தலையைப் பிடித்தான். ஆசாரி ஊசியைக் கொண்டுபோனபோது இருமல் வந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார். அவன் இருமி முடித்து, கண்ணில் வழிந்ததைத் தோளில் துடைத்து, மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டு தலையசைத்தான். கை அசையவில்லை. ஒரு காது முடிந்தது. பிள்ளை வீரிட்ட சத்தத்தில் வாசலில் ஆள் கூடிவிட்டது. திரும்பவும் இருமல், திரும்பவும் காத்திருப்பு. மறு காதும் முடிந்தது.

ஆசாரி தன் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து முத்துவீரனின் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு குட்டித் தோடுகள். இரண்டிலும் சிவப்புக்கல்.

"புள்ள பொறந்த சேதி வந்ததுமே கடுக்கனக் கழட்டிக் குடுத்துட்டாரு. மருந்துக்கு ஆகுமேன்னு நான்கூடச் சொல்லிப் பாத்தேன். கேக்கல."

அந்தக் கல்லை ஒச்சம்மாளுக்குத் தெரியும். அவர்களுடைய தாய்மாமன் முத்துவீரனை மடியில் வைத்துக் காது குத்தியபோது போட்ட கடுக்கனின் கல். அவள் முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்து, இடுப்பில் உள்ளே செருகிக்கொண்டாள்.

வீரணன் கட்டை அவிழ்க்கக் குனிந்தான்.

"இருக்கட்டும் மச்சான். இன்னும் கொஞ்சம் மாமனா உக்காந்துக்கிறேன்."

பிள்ளை விசும்பி விசும்பி அந்த மடியிலேயே தூங்கிப்போனது. ஆலைக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "எங்கக்கா மக" என்றான் முத்துவீரன் ஒவ்வொருவரிடமும்.

எட்டிப் பார்க்காமல் போனவர்களை ஒச்சம்மாள் வாசலில் நின்று கூப்பிட்டாள்.