மேரி வராத சனிக்கிழமை

பிரேம்நாத் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் சுவிசேஷம் சொல்லி வந்தான். நன்றாகப் பேசுவான். கூடவே மேரியும் வருவாள். ஜரிகைக் கடையில் வேலை பார்த்த அந்த விதவை போகுமிடத்தில் வாய் திறந்ததில்லை. அவன் பேசி முடிக்கும்வரை ஓரமாக உட்கார்ந்து கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருப்பாள். ஏதோ துணைக்கு வருகிறாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

அந்தச் சனிக்கிழமை மேரிக்குக் காய்ச்சல். தனியாக முசரவாக்கம் கிளம்பியவனிடம், ஜெபம் பண்ணிவிட்டுப் போகச் சொன்னாள். விடிந்ததிலிருந்தே அவளுக்கு மனசு சரியில்லையாம். நேரமாகிறது என்று சொல்லி அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடையில் பேச்சு நின்றது. எப்போதும் தண்ணீர் கொடுக்கும் வீட்டில் அவனைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். அவன் வண்டி போகப் போக, தறிச்சத்தம் வீடு வீடாக அடங்கிக்கொண்டே வந்தது.

அவன் தேடிப்போனது பரமசிவத்தை. நுரையீரல் கெட்டு மாதக்கணக்கில் படுத்திருந்த நெசவாளி. அவர் மனைவி கமலவேணிதான் இவர்களை முதலில் கூப்பிட்டவள். இன்றைக்கு அவளும் தெருவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள்.

பிரேம்நாத் வழக்கம்போல ஆரம்பித்தான். பரமசிவம் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அந்தம்மா வரலியா?"

காய்ச்சல் என்றான்.

"நீ பேசறது எனக்கு ஒண்ணும் ஏறல தம்பி. அந்தம்மா கண்ண மூடிக்கினு உக்காந்திருந்தா, எனக்கு மூச்சு கொஞ்சம் லேசா இருக்குது. நீ அத பண்ணு."

பிரேம்நாத் கண்ணை மூடினான். கூட்டங்களில் சொல்லும் வாக்கியங்கள்தான் வந்தன. பாதியிலேயே அவனுக்கே கூசியது. கண்ணைத் திறந்தபோது பரமசிவம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

திரும்பும் வழியில் ஏரிக்கரையில் நான்கு பைக்குகள் குறுக்கே நின்றன. பரமசிவத்தின் தம்பி மகன் அஜித் வந்து வண்டிச் சாவியை உருவினான். அவன் குரல் உயரவில்லை.

"எங்க பெரியப்பா சாகக் கெடக்கறாரு. இந்த நேரத்துல வந்து மாத்தப் பாக்கறியா?"

இல்லை என்பதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது. பையிலிருந்த சுவிசேஷத் துண்டுப்பிரசுரங்கள் ஏரியில் மிதந்தன. இருட்டத் தொடங்கியபின் சாவியைக் கையில் போட்டு, இனி வந்தால் வண்டி மட்டும்தான் ஊர் திரும்பும் என்றார்கள்.

அன்றிரவு மேரியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஏரிக்கரையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"அவருக்காக ஜெபம் பண்ணியா?"

"பேசினேன்மா. ஜெபம் பண்ணல."

இருவரும் முழங்காலிட்டார்கள். அவனுக்கு வார்த்தை வரவில்லை, அழுகைதான் வந்தது. மேரி பரமசிவத்தின் பேரைச் சொல்லி வேண்டினாள். பிறகு அஜித்தின் பேரையும் சொன்னாள். அது அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஆமென் சொன்னான்.

மறுநாள் மத்தியானம் கமலவேணி போன் செய்தாள். இவருக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது, மேரி அக்காவைக் கேட்கிறார், ஆனால் கரையில் பசங்க நிற்கிறார்கள், நான் வரச்சொல்ல மாட்டேன் என்றாள்.

காய்ச்சல் விடாத மேரி பின்னால் உட்கார, பிரேம்நாத் வண்டியை மெதுவாகவே ஓட்டினான். வழியெல்லாம் அவன் வாய் ஜெபத்தை முணுமுணுத்தது. கரையில் பைக்குகள் நின்றன. மேரி இறங்கி நடந்தாள். அஜித் அவளையே பார்த்தான். பெரியப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டாள். அஜித் ஓர் ஆள் போகும் அளவுக்குப் பைக்கை நகர்த்தினான்.

பிரேம்நாத் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அவள் பின்னால் போனான்.

பரமசிவத்தின் பக்கத்தில் இருவரும் கண்ணை மூடி உட்கார்ந்தார்கள். யாரும் எதுவும் போதிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சு இழுப்பது குறைந்தது. அந்தம்மா இருக்குதா என்று ஒருமுறை கேட்டார். பொழுது சாய்வதற்குள் அமைதியாக அடங்கிப்போனார்.

கமலவேணியின் அழுகை கேட்டதும் வெளியே பைக்குகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. வாசலில் செருப்புச் சத்தம் பெருகியது. பிரேம்நாத் கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தான். மேரி கண்ணைத் திறக்கவில்லை. அவனும் மறுபடி மூடிக்கொண்டான்.