அத்தைக்கு ஐந்து வயது

சுரங்கத்தில் துளைப்பொறி ஓட்டுபவரின் மகள் ஐந்தாம் வயதில் இடது சுண்டுவிரலிலிருந்து கல்லாகத் தொடங்கினாள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. எழுதுவது வலது கை என்பதால் படிப்பும் கெடவில்லை. டாக்டர் விரலைப் பேனாவால் தட்டிப் பார்த்தார். ணங்கென்று கேட்டது. இது தன் துறை இல்லை என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அம்மாவுக்கு அது என்ன கல் என்று பார்த்ததுமே சந்தேகம். சுரங்கத்தின் ஆய்வுக்கூடத்தில், வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குக் கல்லைத் தேய்த்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவதுதான் அவள் வேலை. வெயிலில் அந்த விரல் ரோஜா நிறத்தில் சிவந்தது. போர்வைக்குள் வைத்தால் வெளுத்தது. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கே போனாள். அங்கிருந்த நிலவியல் மேடம் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“ரொம்ப அபூர்வமான சிலிக்கேட் இது. பூமிக்கடியில பாறைக்குழம்புல சிலிக்கா பத்தலைன்னாதான் உண்டாகும். எல்லாம் மெதுவா ஆறி உறைஞ்ச பிறகு, கடைசியா கொஞ்சம் உப்புச் சாறு மிஞ்சும். அது பாறை வெடிப்புல ஏறித் தங்கிக் கல்லாகும். அணுவெல்லாம் கூண்டு கூண்டா சேரும். உள்ள குளோரினும் கந்தகமும் மாட்டிக்கும். வெயில் பட்டா அந்தக் கந்தகத்தாலதான் சிவக்குது.”

“கூண்டுக்குள்ள எம் பொண்ணு இருக்காளா மேடம்?”

மேடம் லென்ஸை மேசையில் வைத்தார். பிறகு, தனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னார். கத்தி பட்டால் கீறல் விழும். புளிப்பு பட்டால் கூழாகிவிடும். நெருப்பில் காட்டினால் நிறம் போய்விடும், திரும்பாது. அன்று முதல் அந்த வீட்டுக்குள் எலுமிச்சை வரவில்லை.

கல் அவசரப்படவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் தோள்வரை வந்தது. பிறகு கீழே இறங்கியது. முழங்கால் இறுகிய பின் அவள் உட்காரவே இல்லை. பகலெல்லாம் ஜன்னலோரம் நின்றாள், ராத்திரியில் பலகையைப் போலத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். கல் கழுத்துக்கு வந்தபோது அவளுக்கும் புரிந்துவிட்டது. “இருட்டுல வெள்ளையாயிடறேம்மா. பயமா இருக்கு. திரையப் போடாத,” என்றாள். “போட மாட்டேன் கண்ணு,” என்றாள் அம்மா. மறுநாள் உதடுகள் இறுகின. கண்கள் அதற்குப் பிறகும் சில நாள் அம்மா போகிற பக்கமெல்லாம் திரும்பின. ஒரு மத்தியானம் அம்மா அடுப்படிக்குப் போய்த் திரும்பி வந்தாள். கண்கள் அடுப்படி வாசலிலேயே நின்றிருந்தன.

அப்பா வேலைக்குப் போனார். பொறியைத் தூக்கிப் பாறையில் வைத்தவர், கீழே வைத்துவிட்டு, “யாரு பெத்த பிள்ளையோ,” என்றார். கூட இருந்தவர்கள் சிரிக்கவில்லை. அவரை மேலே அனுப்பி லாரி கழுவும் வேலை கொடுத்தார்கள். அவர் மகள் இருந்த அறைக்குள் நுழைவதை விட்டார். ஒருநாள் அம்மா வேலை முடிந்து வந்தபோது ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. மகள் சுண்ணாம்பாய் வெளுத்து நின்றாள்.

“செத்தவள எதுக்குடி தினம் தினம் சிவக்க வைக்கற? பாத்துட்டு என்னால சோறு திங்க முடியல.”

“செத்தவ சிவப்பாளா?” அம்மா கத்தவில்லை. “நீங்களே சொல்லுங்க. சிவப்பாளா?”

அவர் போய்த் திரையை விலக்கினார். சாய்வெயில்தான் மிச்சமிருந்தது. முதலில் மூக்கு நுனி, பிறகு கன்னம். மகளின் காலடியில் உட்கார்ந்து, அவள் கல்லானபின் முதல்முறையாக வாய்விட்டு அழுதார். அப்புறம் சாகும்வரை, காலையில் திரை விலக்குவது அவர் வேலையாக இருந்தது.

இதற்கிடையில் ஒரு மகன் பிறந்தான். அவன் தவழ்ந்து போய் அக்காவின் காலைப் பிடித்து எழுந்து நின்று, அப்படியே நடக்கப் பழகினான். ஒரு பிறந்தநாளில் அவள் உயரத்தைத் தாண்டினான். அம்மா அன்று மட்டும் தலைவலி என்று படுத்துக்கொண்டாள். அவன் படித்தான், கல்யாணம் செய்தான். பெண் பார்க்கப் போன இடத்தில், ஒரு அக்கா, ஐந்து வயது, கல் என்று மறைக்காமல் சொன்னான். அந்த வீட்டார் வெயில் வருகிற வீடுதானே என்று மட்டும் விசாரித்தார்கள். வந்த மருமகள், கருங்கல்லைவிட இவர் லேசுதான் என்று நாத்தனாரைத் தூக்கி நிறுத்தித் தரை கூட்டினாள்.

அம்மாவுக்குப் பேத்தி பிறந்து, அவளும் வளர்ந்தாள். ஒருநாள் பள்ளிச் சீருடையில் ஜன்னலோரம் போய் முதுகோடு முதுகு ஒட்டி நின்று, தலைக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

“பாட்டி, நா அத்தையவிட பெரியவளாயிட்டேன். இனிமே அவளப் பேர் சொல்லிக் கூப்பிடலாமா?”

“அத்தைன்னுதான் கூப்பிடணும்.” பாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “அவளுக்கு வயசுதான் நின்னு போச்சு. உறவு நிக்குமா?”

அதுவும் சரிதான் என்று பேத்திக்குப் பட்டது. “போயிட்டு வரேன் அத்தை,” என்று பையை மாட்டிக்கொண்டு ஓடினாள். வெயில் அதற்குள் நகர்ந்திருந்தது. பாட்டி மகளை இரண்டு கையாலும் அணைத்து, ஓரடி தள்ளி வைத்தாள்.