கடைசிக் கட்டத்தில் எழுதியிருந்தது

2009 மார்கழியில் ஒரு காலை அன்னப்பூரணி எங்கள் நிவாரண அலுவலகத்துக்கு வந்தார். அவர் கேட்டது ஒரு கடிதம் மட்டுமே. சுனாமியில் பறிபோன மகள் நிருஷாவின் பெயர் எந்த முகாம் பதிவிலும் இல்லை என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால் மரணச் சான்றிதழ் எடுக்கலாம். ஐந்து வருடமாகத் தள்ளிப்போட்ட ஆத்மசாந்திப் பூசையைச் செய்து முடிக்கலாம்.

அப்போது குழந்தைக்கு இரண்டு வயது. நாவலடி வீட்டில் அவளைத் தகப்பனோடு விட்டுவிட்டு, கிளிநொச்சியில் நோயாய்க் கிடந்த தாயைப் பார்க்க அன்னப்பூரணி போயிருந்தார். கடல் வந்தது. கணவரின் உடல் கிடைத்தது. குழந்தையும் போய்விட்டதென்று எல்லோரும் சொன்னார்கள். அவர் தாயிடமே திரும்பினார். பிறகு யுத்தம் மூண்டு பாதை பூட்டப்பட்டது. யுத்தம் முடிந்து பழுகாமத்தில் தமையன் வீட்டுக்கு வந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது.

சுனாமி முகாம்களில் கையால் எழுதிய இருபதினாயிரம் தாள்களைக் எங்களோடு வேலைசெய்யும் காத்தான்குடி றம்லா, தாளுக்கொரு கோப்பாகக் கணினியில் அடித்து வைத்திருந்தார். அவற்றுக்குள் தேடித் தரும் செயலியை அலுவலகத்தின் செயலிகளை ஓட்டும் ஜாவா சேவருக்குள் ஏற்றியவன் நான். நிவாரணச் சாமான்களைக் கணக்கு வைக்கும் களஞ்சியத்தின் செயலியும் அதற்குள்தான் ஓடியது. ஓர் அறைக்குள் இரண்டு குடும்பம்போல, இருந்த கொஞ்ச நினைவகத்தை இரண்டும் பங்கிட்டன. அதனால் எந்தச் சொல் எந்தத் தாளில் என்று செயலி வைத்திருக்கும் அட்டவணையில் பெயர், வயது, ஊர் மட்டும் சேர்த்தேன். ‘குறிப்பு’ என்ற கடைசிக் கட்டத்தை விட்டுவிட்டேன். இடம் மிச்சம் பிடித்ததாகப் பெருமையும் பட்டேன்.

பெயரைத் தேடினேன். இல்லை. கடிதத்தை அச்செடுத்துக் கொடுத்தேன்.

அவருக்குத் தேநீர் கொண்டுவந்த றம்லா பக்கத்தில் அமர்ந்து, பிள்ளை அன்றைக்கு என்ன உடுத்தியிருந்தது என்று கேட்டார்.

“நான் கண்டனா, தங்கச்சி? வெள்ளி அரைஞாண் கிடந்திருக்கும். அது அறுந்துபோக, அவர் நீல வலைநூலால முடிஞ்சுவிட்டவர். தட்டானிட்டக் குடுங்க எண்டா, மீன் நிக்கிற நூலில புள்ள நிக்காதோ எண்டு பகிடி விடுவார்.”

றம்லாவின் கை கோப்பையிலேயே நின்றது. “திவாகரன் தம்பி, நீல நூலெண்டு நான் அடிச்சிரிக்கன்.”

எந்தத் தாளில் என்று அவருக்கு நினைவில்லை. குறிப்புகளை அடிக்க வேண்டாமென்று மேலிடம் சொல்லியும் அவர் கேட்கவில்லை. மழைக்குள் நின்று ஒருவர் எழுதியதைத் தான் எப்படி விடுவது என்பதே அவருடைய பதில். அவர் விடாததை நான் விட்டிருந்தேன்.

அந்தக் கட்டத்தையும் சேர்க்க வேண்டுமானால் தேடலுக்குக் கூடுதல் நினைவகம் ஒதுக்கி, சேவரையே நிறுத்தி மறுபடி இயக்க வேண்டும். அட்டவணை கட்டி முடியும்வரை களஞ்சியத்தின் செயலி ஓடாது. வெளியே லொறிகள் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தன. களஞ்சியப் பொறுப்பாளர் நல்லரத்தினம் ஐந்து நிமிடத் தாமதத்துக்கே ஏசுகிறவர். பயந்து பயந்துதான் கேட்டேன். அவர் காதில் சொருகியிருந்த பேனையை எடுத்தார்.

“நான் கையால எழுதிறன். நீ போய்ப் புள்ளயத் தேடு.”

ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. அன்னப்பூரணி கடிதத்தைப் பையில் வைக்கவில்லை. மடித்துக் கையிலேயே வைத்திருந்தார். முடிந்ததும் ‘நீல நூல்’ என்று அடித்தேன். ஒரேயொரு தாள் வந்தது.

‘பெயர் தெரியாது. பெண். இரண்டு வயது மதிக்கலாம். வெள்ளி அரைஞாண், நீல நூலால் முடிந்தது. கரடியனாறு ஆச்சிப்பிள்ளை என்பவர் வளர்க்கக் கொண்டுபோகிறார். இரவில் அழுதால் முதுகைத் தடவவும்.’

நான் என்னையறியாமல் எழுந்து நின்றேன். யாரென்றே தெரியாத ஒரு குழந்தையின் இரவுக்காக, யாரென்றே தெரியாத ஒருவர் எழுதிய வரி. ஐந்து வருடம் அது ஒருவரும் கேட்காமல் காத்துக் கிடந்திருக்கிறது. கோயில் மூலத்தானத்துக்கு முன்னால் நிற்பதுபோல் நின்று அதை அன்னப்பூரணிக்கு வாசித்துக் காட்டினேன்.

செங்கலடிக்குப் போகவிருந்த லொறியை நல்லரத்தினம் கரடியனாற்றுக்கு அனுப்பினார். அன்னப்பூரணியோடு றம்லாவும் ஏறிப் போனார். பின்னேரம் தொலைபேசியில் அவருடைய குரல் வந்தது.

“ஆச்சிப்பிள்ளை அம்மா அந்த அரைஞாண எடுத்துவந்து காட்டினவ, தம்பி. தேடி ஆரும் வந்தா அடையாளம் வேணுமெண்டு முடிச்ச அவிழ்க்காமலே வச்சிரிந்தவ. இப்ப ரெண்டு தாய்க்கும் நடுவில புள்ள இருந்து சோறு தின்னுது.”

அன்னப்பூரணிக்கு நான் கொடுத்த கடிதம் எங்கே என்று கேட்டேன். லொறியில் ஏறும்போதே கிழித்துவிட்டாராம்.