விளிம்பில் அறைந்த முளைகள்

1
இக்கதை கட்டுரையாகவே பிறந்தது. பீடபூமியை மழை எவ்வாறு அரிக்கிறது என்று எழுதத் தொடங்கினேன். மேலே கெட்டிப் பாறை, கீழே இளகிய பாறை, கீழ்ப்பாறை கரையக் கரைய மேற்பாறை பிடிப்பிழந்து சரியும், விளிம்பு பின்வாங்கும். யாவும் சரி. ஆனால் அவ்விளிம்பில் எவருடைய வீடு இருக்கிறது? (கட்டுரை விடை சொல்லவில்லை. கிழித்தேன்.)

2
வீடு அக்காளுடையது. தங்கை நிலவியலாளர். [முதலில் அவளை அழகி என்று எழுதினேன். வேண்டாத சொல், நீக்கினேன்.] கொல்லைப்புறச் சரிவில் இரும்பு முளைகளைத் தரைமட்டமாக அறைந்து வைத்தவள் அவளே. மண் கரைந்தால் முளை வெளியே தெரியும். தெரியும் நீளமே அரிப்பின் அளவு. ஆண்டுதோறும் வந்து அளந்தாள். ஒரு முளையும் தலைகாட்டவில்லை. இத்தனை ஒழுங்கை அவள் ஐயுற்றிருக்க வேண்டும், ஐயுறவில்லை. "இடம் கெட்டி" என்றாள். அச்சொல்லை நம்பி அக்காள் மாடி எழுப்பி, மகளையும் பேத்தியையும் குடிவைத்தாள்.

3
இவ்வாண்டு தங்கை சொல்லாமல் வந்தாள். அக்காள் கொல்லையில் சுத்தியலோடு குனிந்திருந்தாள்.

"என்னக்கா பண்றே?"

"உன் ஆணிதான். ஒவ்வொரு மழைக்கும் தலையைத் தூக்குது. குழந்தை இடிச்சுக்கிட்டா? அதான் அடிச்சு இறக்கிடுவேன்."

"எப்பலேர்ந்து?"

"நீ வெச்சதுலேர்ந்தே. ஏன்டி பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

தங்கையின் கண்கள்... (இவ்வாக்கியத்தைக் கைவிடுகிறேன். அவள் அழவில்லை.)

"அக்கா, ஆணி மேல வரலை. தரை கீழ போயிருக்கு."

4
"தரை எங்கடி போகும்? கடைக்கா?"

தங்கை எதிரே கைகாட்டினாள். பள்ளத்தாக்குக்கு அப்பால் தட்டை உச்சியோடு ஒரு குன்று. சிவப்பு, வெளுப்பு, கறுப்பு எனப் பாறை வரிகள். இவர்கள் காலடிச் சரிவிலும் அதே வரிசை, அதே உயரம்.

"அதுவும் இதுவும் ஒரே தரைக்கா. நடுவுல இருந்ததைத் தண்ணி கொண்டுபோயிடுச்சு."

நடுவே, இருவருக்கும் கீழே, ஒரு பருந்து வட்டமிட்டது. அது பறந்த காற்று முழுவதும் ஒரு காலத்தில் பாறை.

"யம்மாடி," என்றாள் அக்காள். "அவ்வளவையுமா?" அச்சம் பிறகுதான் வந்தது.

5
முடிவு ஒன்று: அன்றே வீட்டைக் காலி செய்கிறாள். அவளை நான் அறிவேன், செய்யமாட்டாள். முடிவு இரண்டு: வீடு சரிகிறது. குழந்தை உறங்கும் வீட்டை ஒரு வாக்கியத்தால் தள்ள எனக்கு உரிமையில்லை.

மாடியிலிருந்து மகள் அழைக்கிறாள்: "அம்மா, சித்தி, சாப்பிட வாங்க!"

"இவகிட்ட இப்போ என்னடி சொல்றது?" என்கிறாள் அக்காள்.

வாசகரே, நீங்கள் சொல்லுங்கள். சற்று விரைவாக, தூறத் தொடங்கிவிட்டது.